முழு வாக்கியம்

“ஒத்தை வார்த்தையில பதில் சொல்லக் கூடாது. முழு வாக்கியமா வரணும்” என்றாள் நஸீரா, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி. “வேர் டூ யூ லிவ்?”

“மாதுங்கா” என்றாள் ஆறு வயது ஆபிதா.

“அது வாக்கியமா? ‘ஐ லிவ் இன் மாதுங்கா.’”

“நம்ம வீடு தாராவியிலதானே, வாப்பா?”

முகம்மது ஹனீப் சுற்றுமுற்றும் பார்த்தான். “தாராவின்னு பேச்சே வரக் கூடாது, புள்ளே.”

செம்பூரில் பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அது. தாய், தகப்பன் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரிந்தால்தான் பிள்ளைக்கு இடம். எண்பத்தைந்து ஜூனை விட்டால் ஆபிதாவுக்கு வயது தாண்டிவிடும். தோல் பை தைக்கும் ஹனீப் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தான். ஐந்தாவதைக் கேட்டால் அவ்வளவுதான்.

“‘சிட் டவுன்’னு சொன்னா?”

“ஐ சிட் டவுன்.”

“அது கட்டளை வாக்கியம். பதில் சொல்லாம உட்காரணும்” என்றாள் பி.ஏ. படித்த நஸீரா.

சுலைகா தண்ணீர் போத்தலும் டிபன் பையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“நீ இந்தத் தூணைத் தாண்டி வந்துறாதே” என்றான் ஹனீப். அவள் தலையாட்டினாள். அவளை உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பியூன் கூப்பிட்டான். மூன்று பேரும் உள்ளே போனார்கள். கதவு திறந்தே இருந்தது.

ஹனீப் தன் நாலு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். மற்றதையெல்லாம் நஸீரா பார்த்துக்கொண்டாள். தலைமையாசிரியைக்கு அவளை நிரம்பப் பிடித்துவிட்டது. ஆபிதாவும் மாதுங்காவில்தான் குடியிருந்தாள்.

“ஹூ இஸ் தட் லேடி?” தலைமையாசிரியை வெளியே கையைக் காட்டினார்.

ஆபிதா திரும்பித் தூணைப் பார்த்தாள். ஹனீப் தரையைப் பார்த்தான்.

“ஷி இஸ் அவர் சர்வன்ட், மேடம்” என்றாள் ஆபிதா.

“வெரி குட்.” கையெழுத்து விழுந்தது. இடம் கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும் ஆபிதா பக்கத்து வீட்டு நஸீராவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய்ச் சுலைகாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“நேத்து சொல்ல மாட்டேன்னு அழுதேன்ல? இன்னைக்கு நீ சொல்லச் சொன்ன மாதிரியே முழுசாச் சொல்லிட்டேன், உம்மா.”

“நல்லாச் சொன்னே” என்றாள் பெற்றவள்.