பசுவின் வயிற்றில் இரண்டு பைகள்

செவலைப் பசுவின் விலாவில் ஒரு மூடி உண்டு. எந்தத் தீனி வயிற்றில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்க, பண்ணை டாக்டர் அந்த மூடியைத் திறந்து சின்னச் சின்னப் பைகளை உள்ளே போடுவார். அன்றைக்கு இரண்டு போட்டார். ஒன்றில் கடலைப் பிண்ணாக்கு. மற்றதில், செருப்புத் தோல் கழிவை அரைத்து, மாட்டுத் தீவனத்தில் யாரோ கலந்து விற்ற தோல் தூள்.

"மெஷின்ல சோதிச்சப்ப, புரதம் உன்னைவிட எனக்குத்தான் அதிகம், தெரியும்ல?" என்று தோல் தூள் ஆரம்பித்தது.

அதற்குள் பிண்ணாக்கு பாதி கரைந்திருந்தது. பசு அசைபோட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் பைகளை வெளியே எடுத்துத் தொழுவத்துச் சுவரில் வைத்தார்கள். பிண்ணாக்குப் பை தட்டையாகக் கிடந்தது.

"பார்த்தியா, நான் ஒரு பொட்டுகூடக் குறையல! அவன் எங்க, ஆளையே காணோம்?" என்றது தோல் தூள்.

பசு, மடியை முட்டிக் குடித்துக்கொண்டிருந்த தன் கன்றைத் திரும்பிப் பார்த்தது.

"அதோ, கன்னு கடைவாயில நுரையா வழியுறான் பாரு."

சொல்லிவிட்டுக் கன்றின் முதுகை நக்கிக்கொடுத்தது. தன்னையும் ஒரு பசு இப்படி நக்கிக்கொடுத்த நாள், தோல் தூளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.