இன்சுலின் எண்ணிக்கை

பகல் பதினொன்றரை. மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு நெஞ்சிலிருந்து அனல் கிளம்பிக் கழுத்துக்கு ஏறுகிறது. மார்பகப் புற்று திரும்பாதிருக்க அவள் தினம் விழுங்கும் மாத்திரையின் வேலை அது. இன்னும் மூன்று வருஷம் விழுங்கவேண்டும். கத்தரிக்கோல் நிற்கிறது. மேலுதட்டில் வியர்வை அரும்புகிறது. மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. ஃப்ரிட்ஜ் கதவை அரை நிமிஷம் திறந்துவைத்தாலே யார் மேலும் வள்ளென்று விழுகிற கடைக்காரர், மருந்துப் பட்டியலிலிருந்து தலை நிமிராமல், "அக்கா, ஃப்ரிட்ஜுல இன்சுலின் எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க" என்கிறார். அவள் கதவைத் திறந்து, பெட்டிகளுக்கிடையே முகத்தை நீட்டி நிற்கிறாள். உள்விளக்கின் வெளிச்சம் கன்னத்தில் விழுகிறது. "பன்னெண்டு. காலையிலயும் பன்னெண்டுதான் சொன்னேன்." கடைக்காரர் பக்கத்தைப் புரட்டுகிறார். "எதுக்கும் இன்னொரு தடவை எண்ணிருங்க. மெதுவா."