ஆள்காட்டி கத்தாத நாள்

ஒரு ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. புரட்டாசி பிறந்ததும் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளில் முதல் பறவையை அதுதான் பார்க்கும். பார்த்ததும் ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்லும். அதில் அதற்கு அத்தனை பெருமை.

அந்த வருஷம் முதலில் வந்தது ஒரு சின்ன உள்ளான். வந்த வேகத்தில் கோரைப்புல்லுக்குள் விழுந்தது. ஆள்காட்டி வாயைத் திறந்தது.

"கத்தாதீங்க அண்ணே! வல்லூறு துரத்திக்கிட்டு வருது. இதுக்கு மேல பறக்க எனக்குத் தெம்பில்லை" என்றது உள்ளான்.

தொண்டை வரை வந்த குரலை ஆள்காட்டி விழுங்கிக்கொண்டது. அதற்குள் வல்லூறு கரையில் வந்து இறங்கியது.

"இந்தப் பக்கம் ஒரு உள்ளான் வந்துச்சா?"

"நல்லா கேட்டே போ! வந்திருந்தா நான் சும்மா இருப்பேனா? என் சத்தம் அடுத்த ஊர் வரைக்கும் கேட்டிருக்குமே!"

அது உண்மைதான் என்று வல்லூறுக்கும் தெரியும். ஒரு வட்டமடித்துவிட்டுத் தெற்கே போய்விட்டது.

மறுநாள் காலையில் உள்ளான் தெம்பாக மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த கொக்கு, "முதல் விருந்தாளியை நான்தான் பார்த்தேன்!" என்று எல்லாரையும் கூட்டியது. நாரையும் நீர்க்கோழியும் கொக்கைப் பாராட்டின.

"என்னப்பா, இந்த வருஷம் தூங்கிட்டியா?" என்று கொக்கு ஆள்காட்டியைக் கேட்டது.

உள்ளான் ஏதோ சொல்ல வாயெடுத்தது. ஆள்காட்டி கண்ணாலேயே அதைத் தடுத்தது.

"ஆமா, கொஞ்சம் அசந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரையோரமாக நடந்தது. எந்த வருஷமும் அது அப்படி நடந்ததில்லை.