தினம் ஒரு தப்பு

"உன் சீமந்தத்துக்கு நீ பச்சப் பொடவதான கட்டிகினு இருந்த?" என்று போனில் கேட்டாள் வரலட்சுமி.

பச்சை இல்லை. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். கடைக்குப் போய் எடுத்து வந்தவளே வரலட்சுமிதான்.

தெரிந்தேதான் தப்பாகச் சொன்னாள். அந்தப் பக்கம் நாத்தனார் ரேவதி திருத்தட்டும் என்று காத்திருந்தாள்.

ஞாபகசக்திக்கு என்று பூந்தமல்லி டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி இது. தினமும் பழைய நாள் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அன்று கூட இருந்த யாரிடமாவது சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு ஒன்றும் இல்லையம்மா, சாவியை எங்கே வைத்தோம் என்று எல்லாரும்தான் தேடுகிறோம் என்றும் டாக்டர் சொன்னார். அதை மட்டும் வரலட்சுமி யாரிடமும் சொல்லவில்லை.

கூட இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளை குட்டியும் இல்லை. கரையான்சாவடி மாடி வீட்டில் குக்கர் விசில்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. மிச்சம் இருப்பவள் வேப்பம்பட்டில் மகன் வீட்டில் இருக்கும் ரேவதிதான்.

முதல் நாள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். "ஆமா அண்ணி, ஆமா அண்ணி" என்று சொல்லிவிட்டு ரேவதி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் வாய் தவறி ஒரு தப்பு விழுந்தது. ரேவதி கப்பென்று பிடித்துக்கொண்டாள். அண்ணியிடம் குற்றம் கண்டுபிடிக்காத நாத்தனார் எந்த ஊரில் இருக்கிறாள்? திட்டினாள், திருத்தினாள், நடுவில் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு வரலட்சுமி ருசித்துச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து தினம் ஒரு தப்பு. மழையே பெய்யாத கல்யாணத்தில் மழை பெய்யவைத்தாள். "இன்னா அண்ணி, மூளய அடகு வெச்சிட்டியா?" என்று அந்தப் பக்கம் எகிறும். அதைக் கேட்பதற்காகவே காலையிலிருந்து தப்பு யோசித்தாள்.

"ம்... பச்சதான்" என்றாள் ரேவதி.

வரலட்சுமிக்குச் சுருக்கென்றது. நேற்றும் இப்படித்தான், தப்பாகச் சொன்னதற்கு வெறும் 'ம்' கொட்டினாள். அண்ணியின் பேச்சு சலித்துவிட்டதோ? இவளும் வேண்டாம் என்றுவிட்டால் வேறு யாரிடம் போவது?

பயத்தில், சொல்லக்கூடாத தப்பைச் சொன்னாள்.

"உன் புள்ள கல்யாணத்துல, சென்னீர்குப்பம் மண்டபத்துல, உங்கண்ணன்தான் பந்தியில நின்னு எல்லாருக்கும் வட வெச்சாரு. ஞாபகம் கீதுல்ல?"

ரேவதியின் அண்ணன், வரலட்சுமியின் கணவர் திருவேங்கடம், அந்தக் கல்யாணத்துக்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். முதல் பத்திரிகையை அவர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சோறு தண்ணி இல்லாமல் அழுதவள் ரேவதி.

இப்போது கத்துவாள். கத்தட்டும். வரலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ரேவதி சிரித்தாள்.

"ஆமா அண்ணி, எனக்கு மட்டும் ரெண்டு வெச்சுது. எங்க கீது அண்ணன்? போன குடேன், பேசி எவ்ளோ நாளாச்சு."

ரேவதிக்குச் சலிப்பு இல்லை என்று வரலட்சுமிக்குப் புரிந்தது. சலிப்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"கடைக்குப் போய்கீறாரு. வந்ததும் பேசச் சொல்றேன்" என்றாள்.

"சரி அண்ணி" என்றாள் ரேவதி. "மறந்துடாத."