இரண்டாவது வாசகர்

“இந்தப் பத்தொன்பது ஒப்பந்தத்துல மட்டும் ஏன் உங்க வீட்டம்மா சொன்னதையே அப்படியே எடுத்துக்கிட்டீங்க?”

வெளித் தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை எல்லாக் கேள்விக்கும் மடமடவென்று பதில் சொன்னவன் இப்போது ஆய்வேட்டை மூடி வைத்தான்.

நாடுகளுக்கிடையே முந்நூற்று நாற்பது வணிக ஒப்பந்தங்கள். நெருக்கடி வந்தால், தானியம் அனுப்புவதாகக் கையெழுத்திட்ட நாடு நழுவிக்கொள்ள அதில் வழி இருக்கிறதா, இல்லையா? அவன் ஆய்வே அதுதான்.

ஒருவர் கண் தவறலாம். அதனால் இருவர் தனித்தனியாகப் படித்துக் குறிக்க வேண்டும். கருத்து மாறினால் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் இறங்கிவரும்வரை வாதாட வேண்டும்.

நீலப் பென்சில் அவன். சிவப்புப் பென்சில் அவன் மனைவி. ஆய்வேட்டில் அவளுக்கு ‘இரண்டாவது வாசகர்’ என்று பெயர்.

அவள் அரசியல் பொருளாதாரம் படித்தவள் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கிற வேலை. எந்தக் காகிதத்தில் யார் கைகழுவப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் காரணம் எழுதுவாள். காரணத்தோடு கொஞ்சம் திட்டும்.

சமையலறை மேசையில் அறுபத்திரண்டு ஒப்பந்தங்களுக்குச் சண்டை போட்டார்கள். ஒரு முறை பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட இருவருக்கும் தெரியவில்லை. பெரும்பாலும் அவன்தான் இறங்கிவந்தான்.

கருத்து மாறியதில் கடைசிப் பத்தொன்பதுக்கு மட்டும் அப்படி உட்காரவில்லை. ‘இயலவில்லை’ என்று அடிக்குறிப்பில் ஒற்றைச் சொல் எழுதியிருந்தான்.

“அவ படிச்சது சரியா இருக்கும்னு நம்பினேன் சார்.”

“நம்பிக்கை ஆய்வு முறை இல்லையே, தம்பி.”

பட்டம் போனால் போகட்டும். வேறொரு வாசகரை வைத்து முதலிலிருந்து செய் என்று சொல்லிவிட்டால்? முந்நூற்று நாற்பதிலும் ஒரு சிவப்புக் குறிகூட மிஞ்சாது.

நெறியாளர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று அவன் கண்ணாலேயே கெஞ்சினான்.

தேர்வாளர் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தப் பத்தொன்பதின் வண்ண நகல்கள். பின்னிணைப்புக்கு அவனே கொடுத்தவை.

“ரெண்டு நாளா நானே உக்காந்து படிச்சேன். பதினேழுல அவங்க சொன்னதுதான் சரி. ஓரத்துல உங்களுக்கு விழுந்த திட்டையும் விடாம படிச்சேன்.”

அறை சிரித்தது. அவனும் சிரித்தான். கன்னம் வலித்தபோதுதான் தெரிந்தது, சிரித்து எத்தனை நாளாயிற்று என்று.

“மிச்சம் ரெண்டு. அதுல எனக்கே சந்தேகம். வீட்டுக்குப் போய் அவங்களோட உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அது போதும், பட்டத்துக்குச் சிபாரிசு பண்ணிடறேன். ஒரு மாசம் போதுமா?”

“போதும் சார். ரொம்ப நன்றி.”

குரல் உடைந்தது. பட்டம் கிடைத்த மகிழ்ச்சி என்று தேர்வாளர் நினைத்துக்கொண்டு தோளில் தட்டினார்.

வெளியே நடைக்கூடத்தில் நெறியாளர் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, அவ தவறிப்போய் எட்டு மாசம் ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ரெண்டையும் அவர் விட்டிருப்பாரே.”

“அதனாலதான் மேடம் சொல்லல.”

தேர்வாளர் பிரித்துக் கொடுத்த இரண்டு ஒப்பந்தங்களில் மேலே இருந்ததைப் புரட்டினான். ஓரத்தில், சிவப்பில்: ‘இதுக்கு நீ ஒத்துக்க மாட்ட, தெரியும். வா, பேசிக்கலாம்.’

இதில் அவன் தோற்பது உறுதி. இன்னொன்றுக்குத்தான் முழு மாதமும் வேண்டும்.