மிதித்த இடம்

படையினர் விடுவித்த தன் தெல்லிப்பழைக் காணிக்குள் மூன்று பேர் உலோகம் காட்டும் மிசின் வைத்துப் புதையல் தேடுவதைக் கண்டு குணலட்சுமி பதறினாள். இடம்பெயர்ந்தபோது அவள் மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போன தாலிக்கொடி அங்கேதான் கிடந்தது.

பழைய கதவுநிலை வாங்க அவளோடு வந்து, வழியில் தாலிக்கொடிக் கதையையும் கேட்டிருந்த செபநாயகம், புது விளக்கை ஒல்லாந்தர் காலத்தது என்று விற்கிற வியாபாரி.

“அண்ணை, பேசாமல் நில். உனக்கும் பங்கு தாறம்” என்று செபநாயகத்திடம் சொன்னான் மூவரில் ஒருவன்.

“எவ்வளவு பங்கு?” என்று கேட்டபடி செபநாயகம் உள்ளே நடந்தான். “நீயுமா தம்பி?” என்றாள் குணலட்சுமி.

பாதி வழியில் அவன் விறைத்து நின்றான். “ஐயோ, மிதிவெடியிலை மிதிச்சிட்டன்ரா! காலை எடுத்தால் எல்லாரும் சிதறுவம்!”

மூவரும் மிசினைப் போட்டுவிட்டு மதில் பாய்ந்தார்கள்.

“தம்பி, காலை எடுத்திடாதை! ஆரையாவது கூட்டிக்கொண்டு வாறன்” என்று அழுதாள் குணலட்சுமி.

அவன் காலைத் தூக்கி மண்ணைத் தட்டினான்.

“ஒண்டுமில்லை அக்கா, அவங்களை வெருட்டினனான். எந்தப் பக்கம் தாட்டனீங்கள்? கொடி உங்களுக்கு, மிசின் எனக்கு.”