தங்க எழுத்தில் ஒரு பெயர்

“அந்தப் பலகையில என் மகன் பேரு ஏன் இல்லைன்னு மட்டும் சொல்லு கண்ணு, நான் போயிடுறேன்.”

பள்ளி அலுவலகத்தைக் கவனிக்கும் ஹிலரிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நாளைக்கு வெல்டர்பி பள்ளியின் நானூற்று ஐம்பதாவது ஆண்டு விழா. புகழ்பெற்ற பழைய மாணவர்கள் பலகையில் இந்த வருஷத்து பிஷப்பின் பெயர் இன்னும் பாதிகூட ஏறவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு பெயிண்டரின் வேன் வேறு. இந்த லட்சணத்தில் இந்தக் கிழவி எங்கிருந்தோ ஃபிளாஸ்க்கும் கையுமாக ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“பெரியம்மா, அது பெரிசா சாதிச்சவங்களுக்கு. ஜட்ஜு, பிஷப்பு, மந்திரி...”

“மூணாவது பேரு மந்திரிதானே? லஞ்சம் வாங்கி உள்ளே போனானே!”

“மந்திரி ஆனது முதல்ல. உள்ளே போனது அப்புறம்.”

“அதுக்குக் கீழே ஒருத்தன், வட துருவத்துக்குக் கிளம்பிப் பாதியில திரும்பி வந்தவன். என் கிளைவ் எந்த வேலையையும் பாதியில விட்டதில்லை, தெரியுமா?”

ஏணிமேல் நின்ற பெயிண்டர் தொண்டையைச் செருமினார். “மேடம், இந்தச் சத்தத்துல எழுத்து கோணுது. அவங்களை வெளியே அனுப்பிடுங்களேன்.”

வருஷம் தவறாமல் வருகிற ஆள். அவர் வாயைத் திறந்து பேசி ஹிலரி கேட்டதே இல்லை. அவருக்கே பொறுமை போய்விட்டது!

“உங்க மகன் இங்கேதான் படிச்சாரா?”

“ஏழு வருஷம். டிராயிங்ல முதல் பரிசு. கணக்குலதான் முட்டை.”

“இப்போ என்ன பண்றார்?”

“அதைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்.”

“கடவுளே! அப்புறம் நான் எதை வெச்சுப் பேர் போடுறது?”

“ஏன், இந்தப் பலகையில இருக்கிறவனுங்கள்ல எத்தனை பேரு பெத்தவளைக் கூடவே வெச்சுப் பாத்துக்கிட்டான்? என் பிள்ளை என்னை ஒரு நாள் தனியா விட்டதில்லை.”

“அப்போ இன்னிக்கு மட்டும் உங்களை என் தலையில கட்டிட்டு எங்கே போனாராம்?”

கிழவி ஃபிளாஸ்க்கைத் திறந்து நிதானமாகத் தேநீரை ஊற்றிக்கொண்டாள்.

“எனக்கு எண்பத்தாறு வயசாச்சு கண்ணு. கண்ணை மூடுறதுக்குள்ள அவன் பேரைத் தங்க எழுத்துல ஒரு தடவை பாத்துடணும். வேற ஒண்ணும் கேக்கலை.”

இவள் இன்றைக்கு எழுந்திருக்கப்போவதில்லை என்பது ஹிலரிக்குப் புரிந்துபோயிற்று. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடாத குறைதான்.

“போதும்மா, போதும்! ஹெட்மாஸ்டர் என்னைக் கடிச்சுத் துப்பினாலும் சரி. பெயிண்டர், பிஷப்பை முடிச்சதும் கீழே மூலையில சின்னதா இன்னொரு பேர் எழுதிடுங்க. முழுப் பேரைச் சொல்லுங்க பெரியம்மா.”

“கிளைவ் சக்டன்,” என்றாள் கிழவி.

ஏணிமேல் தூரிகை அசையவில்லை.

“ஏங்க, காது கேக்கலையா?” என்று ஹிலரி கத்தினாள்.

பெயிண்டர் காது மடல் வரை சிவந்துபோய், ஏணியிலிருந்து இறங்கி நேராகக் கிழவியிடம் வந்தார்.

“நான் வேலையை முடிச்சிட்டு வர்ற வரைக்கும் வேன்லயே உக்காந்திருன்னு சொன்னேனா இல்லையாம்மா?”